அவர் நின்ற பக்கம்

ரஞ்சிதம் சொன்ன முதல் பொய் ஒரு சேலையைப் பற்றியது. சொல்லும்போது அது பொய் என்று அவளுக்கு உறைக்கவேயில்லை. நாக்கு தானாக ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டது, அவ்வளவுதான்.

மறதி நோய்க்கென்று கோவையில் புதிதாகத் திறந்திருந்த மருத்துவமனை அது. மேல்தளத்தில் வரிசையாகச் சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. கட்டிலில் படுத்திருப்பவர்கள் தங்கள் வாழ்க்கையை மறந்துபோனவர்கள். நாற்காலியில் இருப்பவர்கள் அதைத் திரும்பச் சொல்ல வந்தவர்கள். காலையில் அந்தத் தாழ்வாரத்தில் நடந்தால், கல்யாணங்களும் பிரசவங்களும் பழைய சண்டைகளும் மெல்லிய தடுப்புகளைத் தாண்டி ஒன்றோடொன்று கலந்து கேட்கும்.

ரஞ்சிதத்தின் கணவர் குழந்தைவேலு பம்ப் மோட்டார் கம்பெனியில் கம்பிக் காயில் சுற்றும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நோய் அவரைப் பின்னாலிருந்து தின்றுகொண்டு வந்தது. முதலில் நேற்று போயிற்று, பிறகு போன வருடம், பிறகு வேலை பார்த்த காலம். சட்டைப் பொத்தான் போடவும் தோசையைப் பிட்டுச் சட்னியில் தொடவும் அவர் மறக்கவில்லை. பேச்சும் போகவில்லை. தான் யார், எதிரே நிற்பவள் யார் என்பது மட்டும் அழிந்துவிட்டது. ஒரு நாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தவளை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளை 'அம்மிணி' என்று மட்டுமே கூப்பிட்டவர். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் ரஞ்சிதம் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

சிகிச்சைக்கு நினைவு நடவு என்று பெயர். டாக்டர் பெனசீர் சின்னப் பெண். விளக்கமாகச் சொன்னாள்.

"மருந்து குடுத்து அவர் மூளையை உழுதுவெச்ச வயலாட்ட ஆக்கிருவோம்மா. அப்ப ரொம்ப நெருக்கமானவங்க குரல் எதைச் சொன்னாலும் அது நாத்து மாதிரி ஊனிக்கும். நீங்க மழைன்னு சொன்னாப் போதும், மழையை அவரே பெய்ய வெச்சுக்குவார். ஆனா ஒண்ணு, நடந்ததை மட்டுந்தான் சொல்லணும். அழகா இருக்கணும்னு இல்ல."

"கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிட்டா?"

"அவருக்குள்ள பழைய வேரு அங்கங்க உயிரோட இருக்கும்மா. நீங்க சொல்றது நிசமா இருந்தா அது போய் அந்த வேரோட ஒட்டும். ஒட்டினா, நீங்க சொல்லாததும் சேர்ந்து முளைக்கும். இல்லாததைச் சொன்னாலும் ஊனிக்கும், ஆனா ஒட்டாது. தனியா நிக்கும்."

தலையில் வலைபோன்ற தொப்பியும் மூடிய கண்களுமாகக் குழந்தைவேலு படுத்திருக்க, ரஞ்சிதம் தொடங்கினாள். மலைக்கோயிலில் தாலி கட்டியதைச் சொன்னாள். அடுத்துச் சேலையைச் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் ஒரு பெண்மணி தன் கணவருக்குக் குன்னூர் பங்களாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணப்பு, வெள்ளிக் கூஜா, தோட்டக்காரன். நிறுத்தி நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படியான குரல். அந்தக் குரலுக்குரியவளுக்கு ரஞ்சிதத்தின் குரலும் கேட்கும் அல்லவா?

அவள் கல்யாணப் போட்டோவுக்குக் கட்டியது அக்கா சியாமளாவின் பட்டு. இரவல். சியாமளா பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாம்பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சரிகை போட்ட அந்தச் சேலையில், சியாமளாவின் கல்யாணப் பந்தியிலேயே ரசம் கொட்டி, இடது இடுப்பருகே ஒரு கறை நின்றுவிட்டது. எத்தனை வெளுத்தும் போகவில்லை. கறை இருந்ததால்தான் இரவலாகவும் கிடைத்தது. ரஞ்சிதம் முந்தானையை முன்னால் இழுத்துச் செருகி, கையால் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றாள். அது அக்காவுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"நீங்க எனக்கு எடுத்த பட்டுங்க," என்றாள், தடுப்பின் பக்கம் சற்றே திரும்பி. "மாம்பழக் கலரு. கடையில இருந்ததுலயே ஒசந்தது."

சேலை வந்ததும் அதற்கேற்ற மண்டபம் வேண்டியிருந்தது. மண்டபம் வந்ததும் அதற்கேற்ற வீடு. அவர்கள் நிஜமாகக் குடியேறிய, ஒழுகுகிற ஓட்டு வீட்டுக்குள் அந்தச் சேலையோடு எப்படி நுழைவது? அடுத்தடுத்த காலைகளில் ரஞ்சிதம் கட்டிக்கொண்டே போனாள். மயில் வேலைப்பாடு போட்ட கைப்பிடியோடு வளைந்து ஏறும் மாடிப்படி, பளிங்குத் தரை, வெள்ளைக் கார், கப்பலில் ஒரு சிங்கப்பூர்ப் பயணம். எதையும் அவள் யோசித்துப் புனைய வேண்டியிருக்கவில்லை. முப்பது நாற்பது வருடங்களாகத் துணி மடிக்கும்போதும் பேருந்தில் நின்றுகொண்டு போகும்போதும் மனசுக்குள் வாழ்ந்து பழகிய வீடுதான்.

குழந்தை ஒன்றை மட்டும் அவளால் சேர்க்க முடியவில்லை. அந்த இடம் வந்ததும் வாய் நின்றுவிட்டது. "நமக்குக் குழந்தை இல்லீங்க," என்று உள்ளதைச் சொல்லிவிட்டு மாடிப்படிக்குத் திரும்பிப் போனாள்.

மனசாட்சி கேட்காமல் இல்லை. அதற்கு அவள் ஒரு பதில் வைத்திருந்தாள். பட்ட கஷ்டத்தை எல்லாம் கடவுளே துடைத்துவிட்ட பிறகு, அந்த ஒழுகல் வீட்டை மறுபடியும் அந்த மனிதர் தலையில் எதற்குக் கட்டுவது? கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. தனக்குள்ளேயே அதைச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அவள் குரல் சற்று உரக்க ஒலித்தது.

நடவு பிடித்தது. கண் விழித்த குழந்தைவேலு அவளைத் தேடிப் பார்த்து, "அம்மிணி" என்றார். ரஞ்சிதம் அழுதாள். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் பத்து மாளிகை கட்டியிருப்பாள்.

ஒண்டிப்புதூர்ச் சந்துக்குள் இருந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"படி எங்கம்மிணி?"

இதை அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. அவள் கட்டிய வீட்டுக்குள் அவர் குடியேறுவார் என்றுதான் நினைத்தாளே தவிர, அங்கிருந்து இந்த வீட்டுக்கு வந்து சேர்வார் என்று நினைக்கவில்லை.

"வித்துட்டமுங்க."

"ஏன்?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த மௌனத்தையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார் என்பது ரஞ்சிதத்துக்கு வெகுநாள் தெரியாது.

முதல் சில வாரங்கள் சந்தோஷமாகக் கழிந்தன என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவள் அறைக்குள் வந்தால் அவர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரியிடம், "என்ற சம்சாரம் எங்க போனாலும் கார்லதான் போவா," என்று சொன்னார். அவள் இல்லையென்று தலையாட்டாமல் பூக்காரிக்காகக் காத்திருப்பவள்போல நின்றாள். சாயங்காலங்களில் இரண்டு பேரும் அந்த வீட்டைப் பற்றிப் பேசினார்கள். மாடி ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போட்டிருந்தோம் என்று அவர் கேட்பார். அவள் யோசித்து, மயில் கழுத்து நீலம் என்பாள். சொன்ன பிறகு அந்தத் திரை காற்றில் அசைவது அவளுக்கே தெரியும். இல்லாத வீட்டில் அவள் இதற்கு முன் தனியாக இருந்தாள். இப்போது துணைக்கு ஒருவர் வந்துவிட்டார்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அவர் இரண்டாவது தோசை வேண்டாம் என்றார். காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். தெருவில் ஆள் வந்தால் உள்ளே போய்விட்டார். ஒரு நாள் காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனவர், உச்சி வெயிலில் தளர்ந்து திரும்பி வந்தார். பெரிய ரோட்டிலிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை கேட்டிருக்கிறார். கதவைத் திறப்பதும் ஆளைப் பார்ப்பதும் எல்லாம் எந்திரம்தான், மனிதர்களை வைப்பதில்லை என்று அங்கிருந்த பையன்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

"எதுக்குங்க உங்களுக்கு இந்த வேலை?" என்று கேட்டாள்.

"சும்மாதான் அம்மிணி," என்று காலைக் கழுவப் போய்விட்டார்.

பழைய குழந்தைவேலு இப்படி இல்லை. ஒழுகுகிற வீட்டில் இருந்தபோதும் அவருக்கு எதுவும் குறையாகப் பட்டதில்லை. அதுதான் அவள் எரிச்சலே. ஆசைப்படத் தெரியாத மனுசன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள். இப்போது ஆசைப்படக் கற்றுக்கொடுத்துவிட்டாள். அதற்குப் பலனாக இந்த வாடிய முகம்தான் கிடைத்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில் சியாமளா பார்க்க வந்தாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, பெரிய வீடு இடிபட்டு அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பி, இப்போது மகன் வீட்டில் ஓர் அறையில் இருப்பவள். முழங்கால் வலியோடு மெல்ல உட்கார்ந்தவளிடம் குழந்தைவேலு தன் பழைய வீட்டைப் பற்றிப் பேசினார். படி ஏறும்போது கைக்குத் தட்டுப்படுமே அந்த மயில் கொண்டை, கீழே மீன் தொட்டி, வெள்ளைக் கார். சியாமளா முதலில் தலையாட்டினாள். பிறகு அவள் பார்வை மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பியது. ரஞ்சிதம் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

அவர் அந்தப் பக்கம் போனதும் சியாமளா கேட்டாள்.

"ஏண்டி ரஞ்சி, அது எங்க வூட்டுப் படியல்ல?"

ரஞ்சிதம் துணியைப் பிழிந்தாள்.

"அதுல எத்தன தடவ வுழுந்திருப்பன் தெரியுமா? இந்த முட்டி போனதே அதாலதான். வளைஞ்சு வளைஞ்சு போற படி. கெரகம். வேற நல்ல படியே கெடைக்கலியா உனக்கு?" என்று சிரித்தாள்.

அக்கா கோபித்திருந்தால் ரஞ்சிதம் எப்படியாவது சமாளித்திருப்பாள். சிரித்ததுதான் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து அறைக் குரலை, சேலையை, காரை. சியாமளா கேட்டுவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள்.

கிளம்பும்போது குழந்தைவேலு குடை பிடித்துக்கொண்டு சந்து முனைவரை அவளோடு போனார். வண்டியில் ஏறிய சியாமளா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். குரலில் சிரிப்பு இல்லை.

"மாப்பிள்ளை என்ன சொன்னார்னு தெரியுமாடி? உன்னை நானு கூட்டிட்டுப் போயிரோணுமாம். 'மகாராணியாட்ட இருந்தவளக் கொண்டாந்து இந்தப் பொந்துக்குள்ள போட்டுட்டேன் அக்கா. எப்படித் தொலைச்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகம் வரமாட்டேங்குது. குடிச்சனா, சூதாடினனா, ஒண்ணும் தெரியல. நீங்களாச்சும் சொல்லுங்க'ன்னு அழுவறாரு. நானு என்னத்தச் சொல்ல?"

போனை வைத்துவிட்டு ரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள். நனைந்த குடையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார் அவர். ஒரு நாளும் குடிக்காதவர், ஒரு சீட்டையும் கையால் தொடாதவர், செய்யாத குற்றத்தை இரவும் பகலும் தனக்குள் தேடிக்கொண்டிருக்கிறார். அவளுடைய பளிங்குத் தரைக்கான விலையை அவரல்லவா கொடுத்துக்கொண்டிருக்கிறார்?

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து உண்மையைச் சொன்னாள். அந்த வீடு நமக்கு இருந்ததே இல்லை, நானாகச் சொன்னது, நீங்கள் எதையும் தொலைக்கவில்லை என்றாள். குழந்தைவேலு கவனமாகக் கேட்டார். பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"என்னையத் தேத்தறதுக்குச் சொல்ற. உனக்கு நல்ல மனசு அம்மிணி. அந்த மயிலு இன்னும் என்ற கையிலயே இருக்குது."

மறுநாள் அவள் பெனசீரைப் பார்க்கப் போனாள். போகும் வழியில் மருத்துவமனை நிறுத்தத்தில், பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துக்காக, குன்னூர் பங்களாவைச் சொன்ன அந்தப் பக்கத்து அறைப் பெண்மணி காத்துக்கொண்டிருந்தாள். கையில் துணிப்பை. "வண்டி இன்னும் வரலையா? டிரைவர் எங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார் அவள் கணவர். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டு, காணாததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பெனசீர் திட்டவில்லை. "எல்லாரும் கொஞ்சம் பூசி மெழுகத்தான் செய்யறாங்கம்மா. நீங்க வூடே கட்டிட்டீங்க," என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இன்னொரு தடவை நடலாம். ஆனா இப்ப இருக்கறதைப் புடுங்கிட்டுத்தான் நடணும். பிடிச்சா நல்லது. பிடிக்கலைன்னா, திரும்பவும் உங்களை யாருன்னே தெரியாது. அப்புறம் மூணாவது தடவை கிடையாதும்மா. இப்படியே விட்டா, உங்களை அம்மிணின்னு கூப்பிட்டுட்டாச்சும் இருப்பாரு. யோசிச்சுக்குங்க."

ரஞ்சிதம் யோசித்தாள். இரவலாகக் கிடைத்தாலும் அந்த அம்மிணியை விட மனம் வரவில்லை. விட்டால் என்ன திரும்பும்? நடந்ததைச் சொன்னால் அவருக்குக் கிடைக்கப்போவது மகாராணி அல்ல. முகம் தூக்கிக்கொண்டவள், அக்கா வீட்டுக்குப் போய்வந்த நாளெல்லாம் பாத்திரத்தை உருட்டியவள், குத்திக்காட்டியவள். அப்படி ஒருத்தியை மனமறிந்து எந்தப் பெண் தன் கையாலேயே கணவர் மனசில் நடுவாள்? ஆனால் சாயங்காலம் வீடு திரும்பியபோது, அவர் தன் தட்டில் இருந்த பணியாரத்தை அவள் தட்டுக்கு மாற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டவர்போல வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

"இன்னொரு வாட்டி ஆஸ்பத்திரிக்குப் போகோணுமுங்க," என்றாள்.

"நீ சொன்னாச் சரி."

இந்த முறை பக்கத்து அறையில் யார் இருந்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை. இரவல் சேலையிலிருந்து தொடங்கினாள். அடிவாரத்துச் சின்ன மண்டபம், பந்தியில் அப்பளம் தீர்ந்துபோனது, ஓட்டு வீடு. மழை வந்தால் சரியாக அடுப்புக்கு மேலே ஒழுகும். அவள் சமைத்து முடிக்கும்வரை அவர் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்பார், சுவாமி புறப்பாட்டுக்குக் குடை பிடிக்கிற மாதிரி இருக்குது என்பார், அவள் சிரிக்கமாட்டாள். கரண்டியால் பின்னாலேயே ஒரு இடி இடிப்பாள். அதையும் சொன்னாள். குழந்தைக்காக ஏறி இறங்கிய கோயில்களைச் சொன்னாள். உனக்கு நான் இருக்கிறேன் அல்லவா என்று அவர் கேட்டதற்குத் தான் பதில் சொல்லாமல் திரும்பிப் படுத்ததைச் சொன்னாள்.

கல்யாணப் போட்டோவுக்கு வந்தபோது சற்றுத் தயங்கினாள். செல்போனில் எடுத்த படங்கள் அந்தப் போன்களோடு தொலைந்துபோக, அச்சுப்போட்ட அந்த ஒன்றுதான் மிச்சம். அதையும் அவள் ஒரு நாளும் சுவரில் மாட்டியதில்லை. தாலி ஏறியபின் பெண் மாப்பிள்ளைக்கு இடது பக்கம் நிற்க வேண்டும். போட்டோவில் குழந்தைவேலு இடம் மாறி நிற்கிறார். போட்டோக்காரர் சொல்லியும் நகரவில்லை. பெற்ற அம்மா சொல்லியும் நகரவில்லை. பொண்டாட்டியை எந்தப் பக்கம் நிறுத்துவதென்றே தெரியவில்லை, எங்கிருந்து பிடித்தார்கள் இவனை என்று சியாமளாவின் மாமியார் எல்லார் முன்னாலும் சிரித்தாள்.

"வலது எடது தெரியாத மனுசன்னு காலம் பூரா உங்களைச் சொல்லிட்டே இருந்தனுங்க. விருந்தாளி முன்னாடிகூடச் சொல்லியிருக்கேன். நீங்க சிரிச்சுக்குவீங்க," என்றாள். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

ரசக் கறையை மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைத்தாளா, போகட்டும் என்று விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. அது ஒன்றுதானே. யாருக்கும் தெரியாதது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

கண் விழித்தவர் அம்மிணி என்று கூப்பிடவில்லை. அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தண்ணீர் கேட்டார். அடுத்த நாளும் அப்படியே. அவள் ஊட்டியதைச் சாப்பிட்டார். அவள் நடந்தால் அவர் கண் கூடவே வந்தது. ஆனால் பெயரில்லை, அழைப்பில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்று பெனசீர் சொன்னாள். ரஞ்சிதம் பொறுத்தாள். வராவிட்டாலும் சரி, அவர் முகத்தில் அந்தத் தேடல் இல்லை, அதுவே போதும் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். போதவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று பெனசீர் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். போகிறவர்களையெல்லாம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கச் சொன்னாள். ரஞ்சிதம் சாதாரண நீலப் பருத்திச் சேலையில், முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். குழந்தைவேலு மெதுவாக எழுந்து வந்தார். அவளுக்கு வலப்புறம் வந்தவர், ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் நின்றார். இடுப்போடு ஒட்டி, நெருக்கமாக.

"ஐயா, நீங்க இந்தப் பக்கம் வாங்க," என்றாள் பெனசீர். "அம்மா உங்களுக்கு இடது கைப் பக்கமா நிக்கட்டும்."

அவர் நகரவில்லை.

"அங்க இல்லீங்க," என்றாள் ரஞ்சிதமும், தாழ்ந்த குரலில்.

குழந்தைவேலு அவள் காதருகே குனிந்தார். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார்.

"ரசக் கறை தெரியுமல்ல, அம்மிணி."

ரஞ்சிதம் குனிந்து தன் இடது இடுப்பைப் பார்த்தாள். நீலச் சேலையில் ஒன்றுமே இல்லை. அந்தச் சேலை கறையான் அரித்துப் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. மேடையில் ஆயிரம் கண்ணுக்குத் தப்ப அவள் இழுத்துப் பிடித்திருந்த முந்தானை, பக்கத்தில் நின்ற இரண்டு கண்ணுக்குத் தப்பியிருக்கவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமல்லங்க?" என்றாள். "நானு எத்தன பேச்சுப் பேசினேன்..."

"சொன்னா உனக்குக் கூச்சமா இருக்குமல்ல."

பெனசீர் போனைத் தாழ்த்தி, மறுபடியும் இடம் மாறி நிற்கச் சொல்ல வாயெடுத்தாள்.

"இருக்கட்டுங் கண்ணு," என்றாள் ரஞ்சிதம். "அவரு நிக்கற எடம் சரிதான். நீ எடு."